ரமணர் கையில் முளைத்த சிறு கட்டி: சாதாரணக் கட்டியா, புற்றா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கோலார் தங்கவயலில் பாறைக்குள் இருந்த தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லுக்குள் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும். கல்லில் பளபளவென்று மின்னுவது பல நேரம் பைரைட் என்ற மதிப்பில்லாத கனிமம்தான். அதனால் பாறையைத் துளைத்து, உருளை வடிவில் ஒரு மாதிரியை வெளியே எடுத்து, சோதனைக்கூடத்தில் பார்த்த பிறகே எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது என்று முடிவு செய்வார்கள். முதலில் மாதிரி, பிறகுதான் வெட்டு.

உடம்பில் வரும் கட்டிக்கும் இதே வரிசைதான். தொட்டுப் பார்த்தோ, வலிக்கிறதா இல்லையா என்று கேட்டோ மட்டும் அது சாதாரணக் கட்டியா, புற்றா என்று சொல்லிவிட முடியாது. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் கடைசி 14 மாதங்கள் காட்டுகின்றன. அவர் திருவண்ணாமலை ரமண மகரிஷி.

மூன்று ரூபாயோடு கிளம்பிய பையன்

1879 டிசம்பர் 30 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் அய்யர் ஊரில் வக்கீல், அம்மா அழகம்மாள். 12 வயதில் அப்பா இறந்துவிட, மதுரையில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்தார். படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. விளையாட்டில் கெட்டி, நல்ல உடல்வாகு. தூங்கினால் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

1896 ஜூலையில், மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டின் மாடியில் ஒருநாள், எந்த நோயும் இல்லாமலே, செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கை கால்களை நீட்டி, பிணம் போலப் படுத்து, சாவது எது என்று தனக்குள் தேடிப் பார்த்தார். உடம்பு வேறு, தான் வேறு என்ற முடிவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 16.

ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். திண்டிவனம் வரை டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. வழியில் காசு தீர்ந்துபோனதால் கொஞ்ச தூரம் நடந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கோலார் சுரங்கங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் பிழைப்புக்காக ஊரை விட்டார்கள். இந்தப் பையன் எதற்காக விட்டான் என்று வீட்டுக்கே அப்போது புரியவில்லை.

வலியைச் சொல்லாத உடம்பு

திருவண்ணாமலையில் முதலில் ஆயிரங்கால் மண்டபம், பிறகு அதன் கீழே இருந்த இருட்டான பாதாள லிங்க அறை. அங்கே பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகிப் போனது. அதைக்கூட உணராமல் உட்கார்ந்திருந்தவரை மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு மலைமேல் விருபாட்ச குகையில் 1916 வரை இருந்தார். அங்கிருந்து கந்தாசிரமம். தேடிவந்த அம்மாவும் கடைசிக் காலத்தில் அவருடனேயே தங்கி, 1922இல் இறந்தார். அம்மாவின் சமாதி இருந்த மலையடிவாரத்தில் உருவானதுதான் இன்றைய ரமணாசிரமம்.

1924 ஜூனில் ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். எடுக்க ஒன்றும் இல்லாத கோபத்தில் அடித்தபோது ரமணரின் தொடையிலும் ஒரு அடி விழுந்தது. திருப்பி அடிக்கப்போனவர்களை அவரே தடுத்தார். 1931இல் பத்திரிகையாளர் பால் பிரண்டன் வந்தார். 1938இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். அவர்கள் எழுத்தின் வழியே வெளிநாடுகளிலும் பெயர் பரவியது. வயதானபோது முழங்கால் வாதம் அவரைப் படுத்தியது. அப்போதும் பார்க்க வருகிறவர்களுக்காகக் கூடத்தில் உட்காருவதை அவர் நிறுத்தவில்லை.

இதை இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு டாக்டர் நோயாளியிடம் முதலில் கேட்பது, எங்கே வலி, எவ்வளவு வலி என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத நோயாளி ரமணர். அவர் முகத்தை வைத்து நோயின் அளவைக் கணிக்க யாராலும் முடியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும்கூட ஒருவிதத்தில் அப்படித்தான். முதுகுவலி, கால்வலி என்று எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான்கு அறுவை சிகிச்சைகள்

1948இன் கடைசியில் ரமணரின் இடது முழங்கைப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி தென்பட்டது. 1949 பிப்ரவரி 9 அன்று ஆசிரமத்திலேயே அதை வெட்டி எடுத்தார்கள். எளிய வேலை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் அதை மறந்தும் போயிருப்பார்கள்.

மார்ச் 17 அன்று அம்மாவின் சமாதிமேல் கட்டிய மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பத்து வருட வேலை முடிந்த நாள், பெருங்கூட்டம். அந்த நேரத்திலேயே அவர் கையில் கட்டி மறுபடி வளர்ந்துகொண்டிருந்தது.

மார்ச் 27 அன்று, சென்னையிலிருந்து வந்த அறுவை சிகிச்சை நிபுணர் ராகவாச்சாரி இரண்டாவது முறை அறுவை செய்தார். எடுத்த திசுவைச் சோதித்தபோதுதான் அது சார்கோமா என்று தெரிந்தது. எலும்பு, தசை, கொழுப்பு, நரம்பின் உறை போன்ற உடலின் தாங்கு திசுக்களில் தோன்றும் புற்றுக்குத்தான் சார்கோமா என்று பெயர். ரமணருக்கு வந்தது எலும்பில் அல்ல, அதையொட்டிய மென்திசுவில். ஆனால் எலும்புப் புற்றுகளும் இதே குடும்பம்தான், குணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரேடியம் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கையைத் தோளருகே எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது ரமணர் மறுத்துவிட்டார். மற்ற சிகிச்சைகளைப் பக்தர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். பச்சிலை, ஆயுர்வேதம், ஹோமியோபதி என எல்லாம் முயன்று பார்த்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று மூன்றாவது அறுவை. சில மாதத்தில் கட்டி இன்னும் மேலே, மேற்கையை நோக்கித் தலைகாட்டியது. டிசம்பர் 19 அன்று நான்காவது அறுவை. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு அவர் காலமானார். வயது 70.

எந்த இடத்தில் வரிசை மாறியது?

முதலில் வெட்டினார்கள், பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு சின்னக் கட்டிக்கு எங்கும் அப்படித்தான் செய்வார்கள். சி.டி. ஸ்கேனும் எம்ஆர்ஐயும் கண்டுபிடிக்கப்படவே இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கியிருந்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை வந்ததோ 1954இல், ரமணர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு. ஆகவே அன்றைய டாக்டர்கள்மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

ஆனால் சார்கோமா விஷயத்தில் அந்த வரிசை ஏன் ஆபத்து என்பது இன்று தெளிவாகத் தெரியும். சாதாரணக் கொழுப்புக் கட்டி ஒரு பைக்குள் இருப்பதுபோல இருக்கும், வெட்டினால் முழுசாக வந்துவிடும். சார்கோமாவும் பார்க்க அப்படியே ஒரு உறைக்குள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதன் செல்கள் அந்த உறையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கும். கட்டியை மட்டும் உருவி எடுத்தால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி வளரும். முதல் அறுவையில் திறந்த இடமெல்லாம் அவற்றுக்குப் பரவ வழியாகவும் ஆகிவிடும். அதனால் சார்கோமாவை, சுற்றிலும் நல்ல திசு ஒரு அடுக்கு சேர்த்து, ஒரே தடவையில் எடுக்க வேண்டும். அதற்கு, கத்தி வைக்கும் முன்பே அது சார்கோமா என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எலும்பில் வருவது எல்லாம் புற்றா?

இல்லை. எலும்பிலேயே தோன்றும் கட்டிகளில் தீங்கில்லாதவைதான் மிக அதிகம். அவற்றில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோகாண்ட்ரோமா. வளரும் வயதில் முழங்காலுக்குப் பக்கத்தில் எலும்பு ஒரு மொட்டுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலையில் குருத்தெலும்பு மூடியிருக்கும். உடல் வளர்ச்சி நிற்கும்போது அதுவும் நின்றுவிடும். தொந்தரவு இல்லையென்றால் எடுக்கக்கூடத் தேவையில்லை.

நடுவில் ஒரு வகை உண்டு. 20 முதல் 40 வயதுக்குள் முழங்கால் மூட்டை ஒட்டி வரும் ஜயண்ட் செல் கட்டி. இது பெரும்பாலும் புற்று இல்லை. ஆனாலும் எலும்பை உள்ளிருந்தே அரித்து, ஓடு மாதிரி ஆக்கிவிடும். சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரலாம்.

புற்றுக்கட்டிகளில் ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் 10 முதல் 20 வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் முழங்காலைச் சுற்றி வரும். ஈவிங் சார்கோமாவும் இளம்வயது நோய்தான். இது காய்ச்சல், வீக்கம் என்று வந்து, எலும்பில் சீழ் பிடித்ததுபோல டாக்டர்களையே ஏமாற்றும். காண்ட்ரோசார்கோமா நடுத்தர வயதுக்கு மேல். 40 வயதைத் தாண்டியவருக்கு எலும்பில் புற்று தெரிந்தால், அது மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் போன்ற வேறு இடத்திலிருந்து பரவியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆக, வயதும் இடமுமே டாக்டருக்குக் கிடைக்கும் முதல் துப்பு. வலி அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னக் கட்டி புற்றே இல்லை, ஆனால் ராத்திரி தூங்கவிடாமல் வலிக்கும். ஆஸ்பிரின் போட்டால் அடங்கும். எதிர்ப்பக்கம், மென்திசு சார்கோமா பல மாதம் வலியே இல்லாமல் வளரும்.

எக்ஸ்ரேயில் என்ன பார்க்கிறார்கள்?

எலும்புக் கட்டிக்கு இன்றும் முதல் சோதனை சாதாரண எக்ஸ்ரேதான். அதில் டாக்டர் தேடுவது கட்டியின் எல்லையை.

மெதுவாக வளரும் கட்டியைச் சுற்றி எலும்பு சுவர் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். படத்தில் பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவான வெள்ளைக் கோடு தெரியும். இது பெரும்பாலும் தீங்கில்லாத கட்டியின் அடையாளம். வேகமாக வளரும் கட்டிக்கு எல்லை இருக்காது. எங்கே நோய் முடிகிறது, எங்கே நல்ல எலும்பு தொடங்குகிறது என்றே தெரியாமல் செல்லரித்தது போல இருக்கும். எலும்பின் வெளிச்சுவரும் உடைந்திருக்கலாம்.

எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையும் சாட்சி சொல்லும். புற்று வேகமாக அதைத் தூக்கும்போது ஓரத்தில் ஒரு முக்கோணம் உருவாகும். அதற்குப் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மனின் பெயர். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாகப் பார்த்தால் இந்த அரிய நோய் யாருக்கும் பிடிபடாது என்று, 1920 வாக்கில் பல ஊர்களின் எலும்பு சார்கோமா விவரங்களை ஒரே பதிவேட்டில் சேர்க்கத் தொடங்கியவர் அவர். சில நேரம் அந்த உறையிலிருந்து சூரியக் கதிர்போல எலும்புக் கோடுகள் கிளம்பும். சில நேரம் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகத் தெரியும்.

இவையும் தீர்ப்பு இல்லை, துப்புகள்தான். எலும்புக் காசநோயும் சீழ்த்தொற்றும் இதே மாதிரி வேஷம் போடும். அதனால் அடுத்தது எம்ஆர்ஐ. கட்டி எதுவரை போயிருக்கிறது, நரம்பையும் ரத்தக்குழாயையும் தொட்டிருக்கிறதா என்பதை அது காட்டும். சார்கோமா பரவினால் பெரும்பாலும் முதலில் போவது நுரையீரலுக்கு. ஆகவே நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன்.

ஊசியில் வரும் மாதிரி

இதற்கெல்லாம் பிறகுதான் பயாப்ஸி. இன்று பெரும்பாலும் கட்டியைத் திறப்பதில்லை. தடித்த ஊசி ஒன்றைச் செலுத்தி, நூல்போல ஒரு திசுத்துண்டை எடுக்கிறார்கள். கோலார் பாறையில் துளைத்து எடுத்த உருளையின் சின்ன வடிவம்தான் அது. நுண்ணோக்கியில் அதைப் பார்க்கும் நோயியல் நிபுணர், எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு சொல்வார். திசுவில் மட்டும் பார்த்தால் எலும்பு முறிந்து கூடும் இடம்கூடப் புற்றைப்போல ஏமாற்றும்.

ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் ஒட்டியிருக்கலாம். பின்னால் அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதனால் கடைசி அறுவையைச் செய்யப்போகும் குழுவே பயாப்ஸியையும் திட்டமிட வேண்டும். தவறான இடத்தில் போட்ட ஒரு கீறலால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க நேரிடலாம்.

ரமணரின் காலத்தில் கையை எடுப்பது ஒன்றுதான் பெரிய வழி. ஆஸ்டியோசார்கோமாவுக்கு அறுவை மட்டும் செய்த காலத்தில் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். 1970களில் கீமோதெரபி சேர்ந்த பிறகு, நோய் பரவுவதற்கு முன் வந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கையோ காலோ எடுக்கப்படுவதில்லை. கெட்ட எலும்பை நீக்கி உலோக எலும்பு வைக்கிறார்கள். இன்றைய முறைகள் இருந்திருந்தால் ரமணர் பிழைத்திருப்பாரா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் முதல் அறுவைக்கு முன்பே அவருக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்கும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவரும் அப்போதே முடிவு செய்திருக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கீழே இருப்பதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது:

- எலுமிச்சம்பழ அளவுக்கு மேல், அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள கட்டி
- வாரத்துக்கு வாரம் வளரும் கட்டி, அல்லது தோலுக்கு அடியில் நகராமல் ஆழத்தில் இருக்கும் கட்டி
- ஒருமுறை எடுத்த பிறகு அதே இடத்தில் திரும்ப வந்த கட்டி
- ஓய்வாக இருக்கும்போதும், ராத்திரியிலும் விடாத எலும்பு வலி
- லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவது

வளரும் பிள்ளைகளின் முழங்கால் வலியை விளையாட்டில் பட்ட அடி என்று விட்டுவிடுவது சகஜம். அடிபட்டதால் புற்று வருவதில்லை. அடிபட்டதற்காகப் பார்க்கும்போதுதான் பல கட்டிகள் கண்ணில் படுகின்றன. இரண்டு, மூன்று வாரத்தில் வலி குறையவில்லையென்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்க. காரணம் தெரியாத வீக்கத்தை எண்ணெய் போட்டு நீவவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். எந்தக் கட்டியை எடுத்தாலும் திசுவைச் சோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதே பெங்களூரில்தான் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ கையில் ஒரு கட்டி இருந்து, அது வலிக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு நாள் லீவு போட்டு அவரையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.